வேகாத பருப்பு

மலையிறங்கி வந்து குடியேறிய சாலைக் கடைத்தெரு வாடகை வீட்டில் பருப்பு குழையும் மணம் வந்தது. அடிபிடித்துவிடுமோ என்று பதறி ஓடினேன். ஓடும்போதே மூணாறு எஸ்டேட் லயத்து வரிசை வீடு கண்முன் வந்துவிட்டது. அங்கே பானைத் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும், பருப்பு மட்டும் கல்லாகவே கிடக்கும்.

“பருப்பு வேகவைக்கத் துப்பில்லையாடி?” என்று அப்பா தட்டை எறிவார். அம்மா சுவரோடு ஒட்டி நிற்பாள்.

மலை உயரத்தில் காற்றழுத்தம் குறைவாம். போதிய சூடு ஏறும் முன்பே தண்ணீர் கொதித்துவிடுமாம். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு நேற்று மகள் படித்துச் சொன்னாள். அப்பா இறந்துபோய்ப் பல வருடமாகிறது.

அடுப்படியில் ஞாபகம் மங்கிப்போன அம்மா நின்றிருந்தாள். “அது மலையோட குத்தம்மா, உன் குத்தமில்ல” என்றேன்.

“மெல்லப் பேசுட்டி, அப்பா வந்திருவாரு. இன்னும் வேகல” என்றாள், குழைந்த பருப்பைக் கிண்டியபடி.