சம்பந்தத்தின் குரலும் அதன் பிரஷரும்

தாம்பரத்திலிருந்து சிட்லபாக்கம் வரை எந்தத் தெருவில் யாருக்கு எதைச் சொல்ல வேண்டியிருந்தாலும் சம்பந்தம்தான் சொல்வார். இன்று குடிநீர் லாரி வராது, ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடி, வெள்ளைப் பூனை காணவில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே குரல். மோகன்ராஜ் மைக் செட் கடையின் ஆட்டோவில் பின் சீட்டில் உட்கார்ந்து, மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு பேசுவார். பல வருஷம் வெளியூர்களில் சுற்றிவிட்டு 2006இல் நான் வீடு திரும்பியபோது என்னை வரவேற்றதும் அந்தக் குரல்தான். சொத்து வரியை உடனே கட்டச் சொன்னது.

சம்பந்தம் சேலையூரிலேயே பிறந்து வளர்ந்தவர். குடும்பத்துக்கு நெல் விளைந்த நிலம் இருந்தது. அண்ணன்கள் விற்ற பிறகு அங்கே அடுக்குமாடி வீடுகள் வந்தன. அவை விற்பனைக்கு என்று தெருத்தெருவாக அறிவித்ததும் அவர்தான். நல்ல குரலில் அறிவித்தார்.

மைக்கைப் பிடித்தால் ‘அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே’ என்று தேன் வழியும். மைக்கை அணைத்தால் “இன்னாபா, டீ சொல்லு” என்பார். ஆட்டோவில் ஏறும்முன் பேட்டரி இருக்கிறதா, மைக் இருக்கிறதா, சட்டைப் பையில் அதிமதுரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார். நாட்டுமருந்துக் கடையில் வாங்கிய வேர்த்துண்டு ஒன்று காலையிலிருந்து ராத்திரி வரை கன்னத்தில் இருக்கும். சாறு போனதும் அடுத்த துண்டு. அது இல்லாவிட்டால் மத்தியானத்துக்குள் குரல் கிழிந்துவிடும்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் இலவச ரத்த அழுத்தப் பரிசோதனை முகாம் ஒன்றுக்கு அவரை வைத்து அறிவித்தார்கள். கூட்டம் வரவில்லை. சும்மா இருந்த நர்ஸ், அறிவித்தவருக்கே பட்டையைக் கட்டிப் பார்த்தார். நூற்றெண்பதுக்கு நூற்றுப்பத்து. கருவியில் கோளாறு என்று இன்னொன்றை எடுத்துவந்தார்கள். அதுவும் அதையே சொன்னது. சம்பந்தத்துக்கு அப்போது வயது முப்பத்தேழு. கொஞ்ச நாளாக ஆட்டோவிலிருந்து இறங்கும்போது கால்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்றும் அப்போதுதான் சொன்னார். சீட்டின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தாராம்.

முகாமை நடத்திய டாக்டர் வேதசிரோமணி, அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோன்களுக்கும் ரத்தக் கொதிப்புக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். இள வயதில் கொதிப்பு வந்தவர்களைத் தேடிக்கொண்டிருந்த அவருக்குச் சம்பந்தம் தானாக வந்து கிடைத்தார். சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி அது. அதிலிருந்து வரும் ஆல்டோஸ்டிரோன், உப்பைப் பிடித்து வை, பொட்டாசியத்தை வெளியே தள்ளு என்று சிறுநீரகத்துக்கு உத்தரவு போடும். உத்தரவு அதிகமானால் பிரஷர் ஏறும், தசை தளரும். இதையெல்லாம் டாக்டர் பொறுமையாக விளக்கினார். இப்படியே விட்டால் மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கலாம் என்றும் சொன்னார். பிறகு கேள்விகள். வேறு மாத்திரை, மருந்து? இல்லை. புகையிலை, குடி? கிடையாது. ஒரு கெட்ட பழக்கமும் இல்லை என்று சம்பந்தம் மைக்கில் பேசுவது போலச் சொன்னார்.

வீட்டில் அவர் மனைவி சாமுண்டீஸ்வரி உப்பை நிறுத்தினார். ரசம் வெந்நீராகியது. பிரஷர் இறங்கவில்லை.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது டாக்டர் இரண்டு முறை படித்தார். பொட்டாசியம் தரையில் கிடந்தது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஆல்டோஸ்டிரோன் அநேகமாக இல்லவே இல்லை. உத்தரவு போடும் ஆளே வேலைக்கு வரவில்லை, உத்தரவு மட்டும் நிறைவேறிக்கொண்டிருந்தது. டாக்டருக்குத் தூக்கம் போயிற்று. இது அபூர்வமான பரம்பரைக் கோளாறாக இருக்கலாம், மாநாட்டில் பேச வேண்டிய கேஸ் என்றார். தான் அபூர்வம் என்பதைச் சம்பந்தம் கடையில் போய்ச் சொன்னார். அபூர்வம் திங்கட்கிழமை வேலைக்கு வருமா என்று மோகன்ராஜ் கேட்டார். உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது.

மேற்கொண்டு சோதிக்க ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து உப்புநீர் ஏற்றினார்கள். அசையாமல் படுத்திருக்க வேண்டும். டாக்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பொழுதுபோக, அடுத்த முகாமுக்கு எப்படி அறிவிப்பீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம் என்றார்.

“ஒரு நிமிசம் சார்,” என்று சம்பந்தம் ஊசி குத்தாத கையால் சட்டைப் பையைத் துழாவி, ஒரு துண்டை எடுத்துக் கன்னத்தில் அடக்கினார்.

“அது என்ன?”

“அதிமதுரம் சார்.”

“மருந்து எதுவும் சாப்பிடலைன்னு சொன்னீங்களே.”

“இது எங்க சார் மருந்து? மைக்கு மாதிரி. தொழில் சாமான்.”

டாக்டர் எழுந்து, சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்த உப்புநீரை நிறுத்தினார். மாநாடு போயிற்று. அதே சுரப்பியில் கார்ட்டிசால் என்று இன்னொரு ஹார்மோனும் உண்டு. ஆல்டோஸ்டிரோனின் நாற்காலியில் அது உட்காராதபடி சிறுநீரகத்தில் ஒரு காவல்காரன் நிற்கிறான். அதிமதுரம் அந்தக் காவல்காரனைத் தூங்க வைத்துவிடும், கார்ட்டிசால் போய் உட்கார்ந்து அதே உத்தரவைப் போடும் என்று சொன்னார். வேரை விட்டால் பிரஷர் தானாக இறங்கும். விடாவிட்டால் எந்த மாத்திரையும் போதாது.

சம்பந்தம் கன்னத்தில் இருந்ததைத் துப்பவில்லை. “உட்டா குரலு பூடும் சார்.”

“விடாட்டி நீங்க போயிடுவீங்க.”

அன்றைக்கே கடையில் பேச்சு நடந்தது. தேர்தல் முடியட்டும் அண்ணா, அப்புறம் விட்டுக்கலாம் என்றார் மோகன்ராஜ். காலையில் ஒரு கட்சி, சாயங்காலம் அதன் எதிர்க்கட்சி என்று இரண்டு பேருக்கும் சம்பந்தத்தை ஒப்புக்கொண்டிருந்தார். இப்போது விட்டால் குரல் போகும், குரல் போனால் வேறு ஆள் வருவான், வந்தவன் போகமாட்டான். சம்பந்தத்துக்கும் அதே கணக்குத்தான். சாமுண்டீஸ்வரி கடை வாசலில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“குரலை நீங்களே வெச்சுக்கோங்க. ஆளை வூட்டுக்கு அனுப்புங்க,” என்றார்.

மோகன்ராஜ் அதை ஒரு யோசனையாக எடுத்துக்கொண்டார். மறுநாள் கடைக்குள் போர்வைகளைத் தொங்கவிட்டு, டேப் ரெக்கார்டரை வைத்தார். டாக்டரிடம் கேட்டு, அந்த ஒரு நாளுக்கு மட்டும் அனுமதி வாங்கியிருந்தார்கள். சம்பந்தம் வேரை மென்றுகொண்டே இரண்டு கட்சிகளையும் வெற்றிபெற வைத்தார். தண்ணீர் லாரியை நிறுத்தினார். ஆடி, தீபாவளி, பொங்கல் தள்ளுபடிகளை வாரி வழங்கினார். காணாமல் போகக்கூடிய நாய், பூனை, சாவிக்கொத்து எல்லாவற்றையும் தேடினார். கடைசியாக முகாம் அறிவிப்பு. முடிந்ததும் பையில் மிச்சமிருந்த வேரைச் சாமுண்டீஸ்வரி வாங்கிக்கொண்டு போனார்.

குரல் போயிற்று. வேறு ஆள் வரவில்லை. கேசட்டை மாற்றுவதற்கும் நோட்டீஸ் கொடுப்பதற்கும் சம்பந்தமே ஆட்டோவில் போகிறார். எங்கள் தெருவில் ஒரு அம்மா, அறிவிக்கிறவர் நல்லாப் பேசுறார், நீங்க அவருக்கு அசிஸ்டெண்டா என்று அவரிடம் கேட்டார். ஆமாம் என்றார்.

மறு வருஷ முகாமுக்கு அவருடைய கேசட்தான் ஊரைக் கூப்பிட்டது. நானும் போயிருந்தேன். ஆட்டோ வாசலில் நின்று ‘அன்பார்ந்த பெரியோர்களே’ என்று ஓடிக்கொண்டிருக்க, சம்பந்தம் வரிசையில் நின்று கையை நீட்டினார். நூற்று இருபத்தாறுக்கு எண்பது. டாக்டர் பட்டையை அவிழ்த்தார்.

சம்பந்தம் வாசல் பக்கம் தலையைச் சாய்த்துத் தன் பழைய குரலைக் கொஞ்சம் கேட்டார். பிறகு தகரத்தைத் தேய்த்த மாதிரிக் குரலில், “அவுருக்கு எவ்ளோ கீது சார்?” என்றார்.

“நூற்றெண்பது,” என்றார் டாக்டர். “அடுத்த ஆள் வாங்க.”