பார்க்காமல் விட்ட பதிவேடு

எழுத்தாளர் எழுதிய ஐந்து வாழ்க்கை வரலாறுகளும் ஊரே கரித்துக்கொட்டிய ஆட்களைப் பற்றியவை. "நல்லவங்க யாருமே உங்க கையில சிக்க மாட்டாங்களா?" என்று மனைவி கேலி செய்வாள். எப்பேர்ப்பட்ட கொடியவனானாலும் அவன் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும் என்பது இவர் கட்சி.

நான்காவது புத்தகம், கைதிகளை வாட்டி வதைத்த ஒரு சிறை அதிகாரியைப் பற்றியது. கைதிகள் ரகசியமாகத் திட்டமிட்ட உண்ணாவிரதம் அந்த அதிகாரிக்கு முன்கூட்டியே எப்படித் தெரிந்தது? 'மருந்தறையிலிருந்து வந்த தகவல்' என்று அதிகாரியின் கடிதம் ஒன்றில் இருந்தது. சிறைக் கம்பவுண்டர்தான் காட்டிக்கொடுத்தார் என்று அடித்து எழுதிவிட்டார் எழுத்தாளர். அந்த அத்தியாயத்தை எல்லோரும் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள்.

மூன்று வருடம் கழித்து, ஒரு மத்தியானம், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். இறந்துபோன அந்தக் கம்பவுண்டரின் மகள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பழுப்பேறிய ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து நீட்டினார்.

"அந்த மாசம் பூரா அப்பா டைபாய்டுல படுத்திருந்தாருங்க. மருந்தறைக்கு வேற ஆளப் போட்டிருந்தாங்க. எங்க அத்தை வீட்டுக்காரர் அந்தச் சிறையில கைதியா இருந்தவரு. உங்க புத்தகத்தப் படிச்சதுலேருந்து அத்தை எங்க வாசப்படி மிதிக்கல."

"பாத்துட்டுச் சொல்றேம்மா" என்று அனுப்பிவைத்தார். பரணிலிருந்த பழைய குறிப்பேடுகளை இறக்கிப் புரட்டினார். அவர் கையெழுத்திலேயே இருந்தது: 'கம்பவுண்டர் விடுப்பில்? வருகைப் பதிவேடு பார்க்க.'

பார்க்கவில்லை. அத்தியாயம் அவ்வளவு அழகாக அமைந்திருந்தது. கலைக்க மனம் வரவில்லை. மறந்துபோச்சு என்று தனக்கே சொல்லிப் பார்த்தார். ஒட்டவில்லை.

மறுநாள் ஆவணக் காப்பகத்தில் அந்தப் பதிவேட்டைப் பிரித்தார். மாதம் முழுக்க விடுப்பு. குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு நேரே ஆசிரியை வீட்டுக்குப் போனார்.

"எனக்கு அப்பவே சந்தேகம் இருந்துச்சும்மா. பாக்காம விட்டுட்டேன்."

ஆசிரியை அந்த வரியை இரண்டு முறை படித்தார். "தெரியாமப் பண்ணிட்டீங்கன்னு நெனச்சுத்தான் சார் உங்களத் தேடி வந்தேன்" என்றார். குறிப்பேட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"அடுத்த பதிப்புல சின்னதாத் திருத்திக்கலாம் சார்" என்றார் பதிப்பாளர். எழுத்தாளர் கேட்கவில்லை, விற்பனையை நிறுத்தவைத்தார். சந்தேகம் இருந்தும் மறைத்தேன் என்று பத்திரிகையில் எழுதினார். அத்தையையும் நேரில் பார்த்துச் சொன்னார். அந்த அம்மாள் இவரைத் திட்டக்கூட இல்லை. "கூடப் பொறந்தவன நானே நம்பலியே" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அடுத்த வாரமே அத்தை, தன் அண்ணன் மகளான ஆசிரியையின் வீட்டுக்குப் போனதாகக் கேள்விப்பட்டார். ஆசிரியையிடமிருந்து மட்டும் ஒரு வரிகூட வரவில்லை. ஆறாவது புத்தகத்துக்குச் சேர்த்த காகிதங்கள் மேஜையில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. அவர் பிரிக்கவேயில்லை.