லயம் எரிந்தால் அடுப்பு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தீ எதனால் பிடித்தது என்று யாரும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. எந்தக் கட்டிடம் எரிந்தது என்று தெரிந்தால் போதும், காரணம் ஆபீசில் தயாராக இருக்கும். ஃபேக்டரி எரிந்தால் மோட்டார். பங்களா எரிந்தால் விபத்து. தொழிலாளர் குடியிருப்பான லயம் எரிந்தால் அடுப்பு. பசறைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் நான் சின்னக் கிளாக்கராகச் சேர்ந்த முதல் வாரமே பெரிய கிளாக்கர் இந்த மூன்றையும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துக் காட்டினார்.

"லயத்துல வேற எதனாலயும் தீப் பிடிக்காதுங்களா?" என்று கேட்டேன்.

"பிடிக்கலாம் தம்பி. ஆனா கொழும்புக்குப் போற தாள்ல அதுக்கு எடம் இல்ல."

அந்தத் தாளை நான் ஆசையோடுதான் கையில் எடுத்தேன். பதுளையில் படித்து, இரசாயனத்தில் நல்ல பெறுபேறு வாங்கி, உலகத்தில் உள்ள எதையும் சரியான பெட்டியில் போட்டுவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்த நேரம். தோட்டத்தில் மண் சரிந்தாலும், ஆள் விழுந்தாலும், தீப் பிடித்தாலும் கொழும்பில் இருந்த கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய அச்சடித்த தாள் அது. கட்டம் கட்டமாகப் போட்டிருந்தார்கள். லயத்துத் தீ என்ற தலைப்பின் கீழ் இரண்டே கட்டம்: ஒன்று அடுப்பு, இன்னொன்று புகைபோக்கி. எங்கள் லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை, அதுதான் காம்பரா; எந்தக் காம்பராவிலும் புகைபோக்கி கிடையாது. புகை தகரத்து ஓட்டை வழியாகவோ வீட்டுக்காரி கண் வழியாகவோதான் போகும். இதை அச்சடித்த புண்ணியவான் லயத்தைப் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

சிரித்துவிட்டுப் போகலாம் என்றால் முடியாது. அடுப்பு என்று கோடு விழுந்தால், அது குடியிருப்பவரின் கவனக்குறைவு. கவனக்குறைவுக்காரர் காம்பராவைக் காலி செய்ய வேண்டும். காம்பரா இல்லாதவருக்குத் தோட்டத்தில் வேலை இல்லை. செக்ரோல் என்ற வேலையாள் பட்டியலில் பேரை வெட்டிவிடுவார்கள்.

கச்சான் காற்று புழுதியை வாரியடிக்கும் மாதம் ஒன்றில் மேல் மலையில் கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கினார்கள், புதுக்கன்று நடுவதற்காக. வேரையும் குப்பையையும் மலை மலையாகக் குவித்திருந்தார்கள். அதை எரித்து முடிக்க உதவி மேனேஜர் சின்னத்துரைக்கு அவசரம். தேயிலையை விட ரக்பி பந்தைப் பற்றி அதிகம் தெரிந்த மனிதர். "காத்து அடங்கட்டுங்க தொரை" என்று கங்காணி சொன்னதற்கு, காற்று இருந்தால்தான் நன்றாக எரியும் என்று பதில் வந்ததாம். அந்த அளவுக்கு அவர் சொன்னது சரி. நன்றாகவே எரிந்தது.

காலைத் தேநீர் வேளையில் ஆபத்துக்கு அடிக்கும் தப்புப் பறையின் சத்தம் கேட்டது. ஆபீசிலிருந்து ஓடினேன். மலையிலிருந்து நெருப்புப் பொறி கூட்டமாக இறங்குவதை வழியில் என் கண்ணாலேயே பார்த்தேன். கீழ் லயத்தின் கடைசிக் காம்பராவில், இறவாரத்துக்கு அடியில் அடுக்கியிருந்த விறகில் அது விழுந்து பற்றியது. கூரை மரத்துக்கு ஏறியது. அந்தக் காம்பராவை ஒட்டி, ஒரே சுவரில், புதிதாகக் கட்டிய பிள்ளைக் காம்பரா. தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகும் இடம். நல்ல வேளை, ஆயா பிள்ளைகளை முன்பே தண்ணீர் பிடிக்கும் பீலியடிக்குக் கொண்டுபோய்விட்டாள். தீயணைக்க என்று தொங்கவிட்டிருந்த சிவப்பு வாளிகளை எடுத்து வர ஃபேக்டரிக்கு ஒருவன் ஓடினான். ஃபேக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் கொடுக்கவில்லை. "அது ஃபேக்டரி வாளி. வி.ஏ. வந்து எண்ணுவாரு" என்றாராம். விசிட்டிங் ஏஜென்ட் வரும்போது எண்ணிப் பார்ப்பதற்காகவே பெயின்ட் அடித்த வாளிகள். தண்ணீருக்கும் அவற்றுக்கும் பழக்கமே இல்லை. கடைசியில் சோற்றுப் பானையாலும் குடத்தாலும் அணைத்தார்கள். இரண்டு கூரையும் போயிற்று.

மத்தியானம் பெரிய கிளாக்கர் தாளை எடுத்தார். சம்பவ இடத்துக்குப் போகவில்லை; போனால் கால் மண்ணாகும். அடுப்பு என்ற கட்டத்தில் கோடு போட்டார்.

எரிந்த கடைசிக் காம்பராவில் குடியிருந்த இருவரும் ஆபீஸ் விறாந்தைக்கு வந்து நின்றார்கள். புருஷன் தலைத்துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு வாய் திறக்காமல் நின்றான். பெண்சாதி அப்படி இல்லை.

"ரொட்டி சுட்டுட்டு அடுப்புல தண்ணி ஊத்திட்டுத்தான் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போனேன் ஐயா. வெடிஞ்சதும் அணைஞ்ச அடுப்பு."

"எல்லாரும் இப்புடித்தான் சொல்வீங்க," என்றார் பெரிய கிளாக்கர்.

"அப்ப மேல் மலையில எரிஞ்சதும் எங்க அடுப்புங்களா? அம்புட்டுப் பெரிய அடுப்பு இருந்தா நான் ஏன் கொழுந்து எடுக்க வாறேன்?"

விறாந்தையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பெரிய கிளாக்கர் சிரிக்கவில்லை. வாரக் கடைசிக்குள் காம்பராவில் மிஞ்சியதை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

நான் என் மேசைக்குப் போனேன். உட்கார்ந்து ஒரு புதுத் தாளை டைப் அடித்தேன். எங்கே தொடங்கியது, எதனால் தொடங்கியது, எங்கே போய் நின்றது: மூன்றும் வேறு வேறு கேள்வி, மூன்றுக்கும் வேறு வேறு கட்டம். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் புரிகிற விஷயம். பெரிய கிளாக்கர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு முழுவதையும் படித்தார்.

"எங்க தொடங்குச்சுன்னு கேட்டா, பதில் மேல் மலையில போய் நிக்கும். மேல் மலையில யாரு நின்னா?"

"சின்னதொரை."

"ம். இப்ப வெளங்குதா, ஏன் அந்தக் கட்டம் இல்லன்னு?"

தாளை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த டைப்ரைட்டர் மேசையின் காலுக்கு அடியில் செருகினார். மேசை ஆடாமல் நின்றது. அறிவியல் அந்த ஆபீசுக்குச் செய்த ஒரே உபகாரம்.

ஆனால் பிள்ளைக் காம்பராவுக்கும் ஒரு தாள் எழுத வேண்டியிருந்தது. லயத்துக்கு இன்சூரன்ஸ் கிடையாது. புதுக் கட்டிடத்துக்கு உண்டு. தோட்டத்து ஆளின் கவனக்குறைவு என்றால் இன்சூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான் என்பதால், அதற்கு விபத்து என்று கோடு போட்டார் பெரிய கிளாக்கர். ஒரு தாள் ஒரு கோப்பில், மற்றது வேறு கோப்பில். ஒன்றை ஒன்று பார்க்காது என்று நிம்மதியாக வெற்றிலை போடப் போனார்.

இரண்டையும் எடுத்து, ஒன்றாகக் குத்தி, தோட்ட மேனேஜரான பெரிய துரை கையெழுத்துப் போடும் தட்டில் மேலே வைத்தேன். ஒரு வார்த்தை எழுதவில்லை.

துரை பெரிய கிளாக்கரைக் கூப்பிட்டு இங்கிலீஷில் கத்தியது கொழுந்து நிறுக்கும் மடுவம் வரை கேட்டது. ஒரே சுவர், ஒரே தீ; இந்தப் பக்கம் அடுப்பு, அந்தப் பக்கம் விபத்தா? இன்சூரன்ஸ்காரனுக்குக் கண் இல்லையா? ஒரு குடும்பம் தெருவுக்குப் போவது அவர் காதில் விழவே இல்லை. இன்சூரன்ஸ் பணத்தில் வர வேண்டிய கூரைத் தகரம் கைவிட்டுப் போகுமே என்பது விழுந்தது. மலையில் எரித்தது என்று எழுதவும் வழியில்லை, அதுவும் கவனக்குறைவு, அதுவும் துரைமாரின் கவனக்குறைவு. இருவரும் நெடுநேரம் யோசித்தார்கள். யோசித்து, மனிதனே இல்லாத ஒரு குற்றவாளியைப் பிடித்தார்கள். பெரிய கிளாக்கர் வெளியே வந்து, இரண்டு தாளையும் கிழித்து, புதிதாக டைப் அடிக்கச் சொன்னார். இரண்டிலும் அச்சில் இல்லாத ஒரு புதுக் கட்டம், ஒரே காரணம்: பலத்த காற்று.

"தட்டுல வச்சது நீதானே?" என்றார்.

"ஒரே தீதானுங்களே ஐயா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

சாயந்திரம் அந்தப் புருஷனையும் பெண்சாதியையும் அழைத்தார்.

"ஒங்க காம்பராவ காத்து எரிச்சிருச்சு. நீங்க அங்கேயே இருக்கலாம்."

"காத்துங்களா?" என்றாள் அவள். "அது எந்த லயத்துலங்க இருக்கு? அது பேர வெட்டிட்டீங்களா?"

"வாடி போதும்," என்று புருஷன் முதல்முறையாக வாய் திறந்தான். "இருக்கச் சொன்னதே பெருசு."

புதுத் தகரம் வந்தபோது முதலில் பிள்ளைக் காம்பராவுக்கு அடித்தார்கள். மிஞ்சியதை இவர்களுக்குக் கொடுத்தார்கள். போதாத இடத்தில் சாக்கு கட்டிக்கொண்டார்கள். அது பின்னால் நடந்தது. அந்தச் சாயந்திரத்துக்கு அடுத்த காலையில், வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் இருவர் பேரையும் வழக்கம்போலக் கூப்பிட்டார்கள். அவள் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்துக்குப் போனாள். காற்று இன்னும் அடங்கவில்லை. மேல் மலையில் எரியாமல் கிடந்த குவியல்களை எரித்து முடிக்கச் சின்னத்துரை ஆள் பிரித்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு ஆள் அவள் புருஷன்.