அழுகைக்கு ஜெயசித்ரா

சென்னை டப்பிங் ஸ்டுடியோக்களில் அழுகைக் காட்சி என்றால் ஜெயசித்ராவைத்தான் கூப்பிடுவார்கள். தமிழுக்கு வரும் இந்தித் தொடர்களில், புகுந்த வீட்டில் கண்ணைக் கசக்கும் மருமகள்கள் பாதிப் பேர் அவள் குரலில்தான் தேம்பினார்கள். மாதச் சம்பளமில்லை. கூப்பிட்டால் போய்ப் பேசிவிட்டு வரவேண்டும். கொரோனாவில் ஸ்டுடியோக்களை மூடியதும் அதுவும் நின்றது. கணவன் சிவபாண்டி, மகள் அனுசியாவோடு ராஜபாளையத்தில் மாமியார் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். சிவபாண்டிக்குச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனியில் உடனே வேலை கிடைத்தது. ஊரே அடங்கிக் கிடந்தபோதும் அந்தத் தறிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

வீடுதான் இருக்கிற நிலையில் இல்லை. பின்கட்டு ஓட்டைப் பிரித்துவிட்டுக் காங்கிரீட் போட ஏற்பாடாகியிருந்தது. ஊரடங்கு, இருமல், சிமெண்ட் தட்டுப்பாடு என்று ஒன்று மாற்றி ஒன்று வந்து, இரண்டாம் அலை வரைக்கும் அடுப்பங்கரை வானம் பார்த்துக் கிடந்தது. பாத்திரங்களெல்லாம் சாமான் அறைக்குள் குவிந்தன. அந்த அறையில்தான் ஜெயசித்ரா தன் மைக்கையும் வைத்தாள்.

வீட்டிலிருந்தே பேசி அனுப்பலாம் என்று அவளுக்கு வழி காட்டியவர் எட்வின். சென்னையில் ஒலிப்பதிவாளர். அவள் பேச ஆரம்பித்த நாளிலிருந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர். போனிலேயே அறையைக் காட்டச் சொல்லி, எதிரொலியைக் கேட்டு, "அந்த எவர்சில்வர் அண்டா உங்களுக்குப் பதில் பேசுது, மூடுங்க" என்றார். சிவபாண்டி கம்பெனியில் கழித்துப்போட்ட துணிச் சுருள்களைக் கொண்டுவந்து அண்டா குண்டானையெல்லாம் சுற்றினான். சுவரோரம் மெத்தைகளை நிறுத்தினார்கள். அவள் பேசிப் பதிந்ததைச் சிவபாண்டி நெட் நன்றாகக் கிடைக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, அவள் அண்ணனின் போட்டோ ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோய் அனுப்பினான்.

மாமியார் ஆவுடையம்மாளுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை.

"ஏட்டி, வெளக்கு வைக்கிற நேரத்துல வீட்டுக்குள்ள பொம்பள அழலாமா? எம்மவன் என்னமோ அடிக்கிற மாதிரில்லா தெருவுல பாக்காவ."

"அத்தை, அது வேலை."

"அழுகது ஒரு வேலையா? அதயும் ஒருதரம் அழுதுட்டு வுடுதியா? ஒண்ணையே திருப்பித் திருப்பி அழுத."

அது உண்மைதான். திரையில் உள்ளவளின் வாயசைவோடு பொருந்தும்வரை ஒரே விசும்பலை ஐந்தாறு தடவை அழவேண்டும். ஜெயசித்ரா கதவைச் சாத்திக்கொள்வாள்.

ஊரடங்கு தளர்ந்ததும் கொத்தனார் முத்துவீரன் ஆட்களோடு வந்தார். கம்பி வெட்டும் சத்தத்தில் பேசவும் முடியாது, அனுசியாவுக்கு ஆன்லைன் வகுப்பும் நடக்காது. முத்துவீரன் நல்ல மனிதர். உள்ளே அழுகைச் சத்தம் கேட்டாலே கையை உயர்த்துவார். "அம்மா ரெக்கார்டிங்குல இருக்காவ. செத்த நேரம் நிப்பாட்டுங்கப்பா." கம்பி வெட்டுகிறவர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

ஒரு நாள் மத்தியானம் ஒரு சிரிப்புக் காட்சிக்குத்தான் உட்கார்ந்தாள். மைக்கைப் போடுமுன் போனில் செய்தி வந்தது. எட்வின் இறந்துவிட்டார். நாலு நாள் காய்ச்சல் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

மடியில் தலையைக் கவிழ்த்து அழுதாள். வெளியே கம்பி வெட்டுவது நின்றது. கலவை மிஷின் நின்றது. அனுசியா வகுப்புச் சத்தத்தைக் குறைத்தாள். வேலை என்று நினைத்து வீடே அவளுக்காக வாயை மூடிக்கொண்டது. அது அவளுக்கும் கேட்டது. எழுந்துபோய் இது வேலையில்லை என்று சொல்லத் தெம்பில்லை. அந்த அமைதிக்குள்ளேயே அழுதாள்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. பதிவு நடக்கும்போது அந்தக் கதவை யாரும் தொடுவதில்லை. ஆவுடையம்மாள் நின்றிருந்தாள்.

"என்னட்டி ஆச்சு?"

ஜெயசித்ரா நிமிர்ந்து பார்த்தாள்.

"திருப்பி அழலியே நீ. ஒரே மூச்சா அழுத. யாருக்கு என்ன?"

சொன்னாள். ஆவுடையம்மாள் அண்டாக்களுக்கு நடுவே இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள். எட்வின் எப்படிப்பட்டவர் என்று கேட்டாள். முதல் நாள் மைக்முன் குரல் வராமல் நின்றதையும், யாரும் தன்னைப் பார்க்காதபடி அவர் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, "இருட்டுல பேசுங்க" என்றதையும் ஜெயசித்ரா சொன்னாள். இத்தனை வருடத்தில் தன் வேலையைப் பற்றி மாமியாரிடம் அவள் இவ்வளவு பேசியதில்லை.

"அவிய சம்சாரத்துக்குப் போன் போட்டியா?"

"என்னன்னு பேச, அத்தை?"

"ஒண்ணும் பேசாண்டாம். போட்டுட்டு இரு."

எட்வினின் மனைவி ஷெரின் இரண்டாவது அழைப்பில் எடுத்தாள். ஜெயசித்ரா போனைக் காதில் வைத்துக்கொண்டு இருந்தாள். பிறகு ஷெரினே சொன்னாள்: "ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்குக்கூட நீங்க அனுப்பின ஃபைலைப் போட்டுக் கேட்டார். ரூம் நல்லா செட்டாயிருச்சுன்னார்."

வெளியே முத்துவீரன் இன்னும் கையை இறக்கவில்லை. ஆவுடையம்மாளே போய், "இன்னைக்குப் போயிட்டு நாளைக்கு வாங்கய்யா" என்று அனுப்பிவைத்தாள்.

சிரிப்புக் காட்சியை ஜெயசித்ரா மறுநாள் பேசினாள். முதல் தடவை சரியாக வரவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் ஒப்பேறியது. ஆவணி பிறந்து கூரைக்குக் காங்கிரீட் போட்டார்கள். கலவைச் சட்டி கைமாறிக் கைமாறி மேலே போவதை மாமியாரும் மருமகளும் வாசலில் நின்று பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி, "ஒங்க மருமவ என்ன வேல பாக்கா?" என்று கேட்டாள்.

"சினிமாவுல பேசுதா" என்றாள் ஆவுடையம்மாள்.