பிகிலுக்குச் சுரந்த பசு

கல்யாணமாகி நான் ரங்கூனுக்குக் கப்பலேறி வந்தபோது, எங்கள் வீட்டுக்காரருக்குச் சொத்து என்று இருந்தது ஒரே ஒரு செவலைப் பசு. குடிசை வெள்ளைக்காரப் பட்டாளத்தின் வேலியை ஒட்டி இருந்தது. சாயங்காலம் சோல்ஜர்களைச் சாப்பிடக் கூப்பிட, பிகில் என்கிற பித்தளைக் குழலை ஊதும்போதுதான் அவர் கறக்க உட்காருவார். அப்படியே பழகி, பிகில் கேட்டால்தான் செவலை பால் சுரக்கும். மகாராணி! அதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பு கொஞ்சமில்லை.

சம்பளப் பட்டாளம் ஓரிடத்தில் தங்குமா? இருந்தவர்களைக் கப்பலேற்றிவிட்டு வேறு பட்டாளத்தைக் கொண்டுவந்தார்கள். வந்தவர்கள் முழங்கால் தெரியக் கட்டம் போட்ட பாவாடை கட்டியிருந்தார்கள். ஊரே லுங்கி கட்டுகிற ரங்கூனில் அது பெரிசில்லை. வம்பெல்லாம் வாத்தியத்தில். சாப்பாட்டு வேளைக்குப் பிகிலுக்குப் பதில், தெருக்கூத்தில் சுருதிக்கு ஊதுகிற துருத்தி மாதிரி ஒரு பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊதினார்கள். செவலை மிரண்டு செம்பை உதைத்துத் தள்ளியது. அன்றைக்கும் பால் இல்லை, மறுநாளும் இல்லை. மடி கனத்து அது விடாமல் கத்தியது.

"இது இனி ஆகாது. பட்டாளத்துக்குக் கறி போடறவன் கேட்டுக்கிட்டே இருக்கான், குடுத்துடறேன்" என்றார் வீட்டுக்காரர்.

"ஐயையோ, வாயக் கழுவுங்க! பிகிலத்தானே கேக்குது?"

"அப்ப நீயே ஊதேன், பாப்பம்!" என்று நக்கலடித்துவிட்டுக் கறிக்காரனைக் கூட்டிவரப் போனார்.

வந்ததே எனக்குக் கோபம்! ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர் இவர்தான். மண்ணெண்ணெய் ஊற்றுகிற தகரப் புனலைத் துடைத்து வாயில் வைத்தேன். முதலில் வெறும் காற்று. பிறகு எருமை செருமுவது போல ஒரு சத்தம். உதடு கடுக்கக் கடுக்க ஊதினேன். அட, அதே சாப்பாட்டு மெட்டு! செவலை காதை நிமிர்த்தியது. காம்பில் பால் சொட்டியது.

அந்த மெட்டு பாவாடைக்காரர்களுக்கும் தெரியும் போலிருக்கிறது. தட்டும் குவளையுமாகத் திமுதிமுவென்று வேலிக்கு ஓடிவந்தார்கள். புனலும் கையுமாக நின்ற என்னைப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்துச் சிரித்துப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டான். மற்றவர்கள் தட்டைத் தட்டித் தாளம் போட்டார்கள். நான் நிறுத்தவில்லை.

அப்போதுதான் வீட்டுக்காரரும் கறிக்காரனும் கயிற்றோடு வந்தார்கள். கறிக்காரன் மாட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினான். பிழைத்தாயடி என்று செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் புனலை ஊத மறந்தே போனேன்.

வீட்டுக்காரர் செம்போடு மடியடியில் குந்திவிட்டார். தலையைக்கூடத் தூக்காமல் கத்தினார்:

"நிறுத்திப்புடாத, ஊது தாயி, ஊது! இன்னும் வருது!"