கேட்டு மூடின வழி

சிவகாசியில் பட்டாசு லேபிள் அடிக்கும் அச்சகத்தில் பாண்டிச்செல்விக்குக் கம்ப்யூட்டர் வேலை. சரவெடிக்குப் புலி, மத்தாப்புக்குச் சிரிக்கிற பிள்ளை என்று நாள் முழுக்கப் படம் வெட்டி ஒட்டுவாள். மத்தியானம் மற்றவர்கள் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்தில் அவள் இணையத்தில் ஒரு வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொள்வாள்.

அந்த வரைபடத்துக்கு முதலாளி கிடையாது. யாரும் வரையலாம், யாரும் திருத்தலாம். 2008-இல் அதில் சிவகாசிப் பக்கம் தண்டவாளமும் நாலைந்து ரோடும்தான் கிடந்தன. மற்றவர்கள் கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் குறித்துக்கொண்டிருக்க, இவள் மூடிப்போன ரயில்வே கேட்டுகளை மட்டும் தேடித் தேடிக் குறித்தாள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, தண்டவாளத்தோரமே நடந்து பார்த்து வருவாள். வேலையற்ற வேலை என்றுதான் ஊர் சொன்னது. ஊருக்கென்ன, அது எதையும் சொல்லும்.

காரணம் அவள் புருஷன் முனியராஜ். பட்டாசு ஆலையில் குழாய்க்குள் வெடிமருந்து செலுத்துகிறவன். ரயிலுக்கு அகலப் பாதை போட்ட பிறகு, ஆலைக்குப் பக்கத்துக் கேட்டை மூடி, ரோட்டை மறித்து இரும்புத் தண்டு நட்டிருந்தார்கள். ஒரு கோடையில் அவன் இருந்த அறை வெடித்தது. வாழையிலை விரித்து அவனைக் கம்பெனி வேனில் ஏற்றினார்கள். கூட ஏறின அத்தனை பேரும் டிரைவரிடம், "கேட்டு வழியா விடுப்பா, அதான் கிட்டக்க" என்றார்கள்.

அவர்கள் எல்லாரும் அன்று காலையில் அதே தண்டுகளுக்கு நடுவே சைக்கிளைச் சாய்த்து நுழைத்து வேலைக்கு வந்தவர்கள்தான். சைக்கிள்காரனுக்குக் கேட்டு எப்போது மூடிக் கிடந்தது? வேன் நுழையாது என்பது வேன் போய் முட்டி நின்ற பிறகுதான் உறைத்தது. திருப்ப இடமில்லாத வண்டிப்பாதையில் பின்னாலேயே ஓட்டி, சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது முனியராஜ் போய்விட்டான். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பாண்டிச்செல்வி அவர்களைத் திட்டவில்லை. அந்த வேனில் இருந்திருந்தால் அவளும் அதே வழியைத்தான் சொல்லியிருப்பாள். அந்த நினைப்புத்தான் அவளைப் போட்டு அரித்தது.

அவள் குறித்ததைச் சென்னையிலிருந்து ஒருவர் அழித்துக்கொண்டே வந்தார். இல்லாத கேட்டுக்கு வரைபடத்தில் இடமில்லை என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் அவர் அழித்ததும் படத்தில் ரோடு தண்டவாளத்தைத் தாண்டி நேராக ஓடியது. "கேட்டு இல்லை சார், தண்டு இருக்கு" என்று எழுதி, போட்டோவும் அனுப்பினாள். ரோட்டை அங்கேயே துண்டித்து, தடைக்குறி வைக்கிற விதத்தை அவரே சொல்லிக்கொடுத்தார்.

அச்சகத்து வேஸ்ட் தாளின் பின்பக்கம் அந்தப் படத்தை அடித்து, வேன் டிரைவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"வண்டி ஓட்டுறவனுக்கே வழி சொல்றியாக்கும்?" என்று கேலி செய்தார் டிரைவர் சுடலை.

"ஆமாண்ணே. யாரு என்ன சொன்னாலும் இதப் பாத்துப் போங்க."

சிரித்துக்கொண்டே கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார்.

அடுத்த தீபாவளி சீசனில் அதே கேட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆலை வெடித்தது. கருப்பணன் என்பவரைச் சுடலை வேனில் ஏற்றினார். இந்தத் தடவையும் கேட்டு வழி, கேட்டு வழி என்றுதான் சுற்றி நின்றவர்கள் கத்தினார்கள். சுடலை காதில் வாங்காமல் படத்தில் இருந்த ரோட்டைப் பிடித்து, உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்தார். மூன்றாம் நாள் கருப்பணன் செத்துப்போனார்.

பாண்டிச்செல்வி துக்கம் கேட்கப் போனாள். கருப்பணன் பெண்டாட்டி பேச்சியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்க படத்தாலதான் உசுரோட கொண்டு சேத்தேன்னு சுடலையண்ணன் சொன்னாக. மூணு நாளு இருந்தாகக்கா. பேசுனாக."

"என்ன பேசுனாக?"

"சாப்பிட்டியான்னு கேட்டாக. நான் சாப்பிடலேன்னதும் ஏசுனாக."

தாலி இறக்கி ஒரு நாள்கூட ஆகாதவளைப் பார்த்துப் பாண்டிச்செல்விக்குப் பொறாமையாக இருந்தது. இது என்ன கேடுகெட்ட மனசு என்று அவளுக்கே அருவருப்பாக வந்தது. அப்படியும் பொறாமை அடங்கவில்லை. கையை உருவிக்கொண்டு எழுந்து ஓடிவிட நினைத்தாள். பேச்சியம்மாள் அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நல்லா இருப்பீகக்கா, நல்லா இருப்பீக என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.