பெட்டி ஏன் கத்தல்ல?

அந்த ஒரு "ஓம்" சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இந்திய நிலத்தட்டும் ஆசிய நிலத்தட்டும் மோதிக்கொள்ளும் இமயமலைக்கு அடியில், ஆழத்துப் பாறை எப்படிக் கிடக்கிறது என்று நில அதிர்வு அலைகளை வைத்துப் படமெடுப்பது எங்கள் வேலை. வைத்தியர் ஸ்கேன் எடுப்பதுபோலத்தான். அங்கே எழும் அலைகளைத் தூரத்திலிருந்தும் பிடிக்க வேண்டும் என்பதால், அதற்கான கருவியொன்றைப் புதைக்க இலங்கையின் கிழக்குக் கரையில் மாங்கேணிப் பக்கம் ஓர் அக்காவின் வீட்டு வளவுக்குப் போனேன். சுனாமியில் மூத்த மகளைப் பறிகொடுத்தவர் அவர்.

"கடல் வரமுன்னம் இந்தப் பெட்டி கத்துமா தம்பி?" என்று கேட்டார்.

இடம் கிடைத்தால் போதுமென்று "ஓம், கத்தும்" என்றேன்.

அவர் மா இடித்து விற்பவர். உலக்கையின் அதிர்வு பதிவைக் கெடுக்கும் என்றதும், உரலை அடுத்த வளவுக்கு உருட்டிப்போய் அங்கேதான் இடித்தார். இரண்டு வருடம் அப்படியே.

இமயத்தில் பெரிய நடுக்கம் வந்த மறுநாள் துள்ளிக்கொண்டு போனேன். லேப்டொப்பில் பதிவு அத்தனை தெளிவாக இருந்தது.

"நிலம் நடுங்கினதெண்டு ரேடியோவில சொன்னாங்க. பெட்டி ஏன் கத்தல்ல?"

"இது கத்தாதக்கா. வாற அலையை எழுதி வைக்கும், அவ்வளவுதான்."

அவர் ஏசவில்லை. "இத நம்பித்தானே சின்னவள நிம்மதியாப் படுக்க வெச்சன்" என்று மட்டும் சொன்னார். பிறகு உரலை உருட்டி வந்து, கருவிக்குப் பக்கத்திலேயே வைத்து இடிக்கத் தொடங்கினார்.

திரையில் ஒவ்வொரு குத்தும் ஏறி இறங்கியது. இப்படியானவற்றை இரைச்சல் என்று நீக்கிவிட்டுத்தான் நாங்கள் படம் வரைவோம். அந்த நாளின் பதிவைத் திறந்துவைத்து எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் நீக்க முடியவில்லை.